கல்லில் பொறிக்கும் முன்: கல்லூரி வளாகத்தில் முன்னோடிப் பேராசிரியைகளுக்கு நினைவுச் சின்னம் அமைக்க முழு வழிகாட்டி

டெல்டா மாவட்டங்களில் எந்தக் கல்லூரிக்குள் நுழைந்தாலும் கல்வெட்டுக்குப் பஞ்சமில்லை. அடிக்கல் நாட்டியவர், திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என்று கருப்பு கிரானைட்டில் தங்க எழுத்துகள் மின்னும். அதே கட்டடத்துக்குள் முப்பது ஆண்டுகள் விலங்கியலோ வரலாறோ நடத்தி, ஒரு துறையையே ஊன்றிவிட்டுப் போன அம்மையாரின் பெயர் எங்கும் இருக்காது. துறைத் தலைவர்கள் பட்டியல் பலகையில் ஒரு வரி இருந்தால் உண்டு.

இதைச் சரிசெய்ய அவகாசம் அதிகமில்லை. திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரி 1923இல் தொடங்கியது, சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரி 1951இல், தஞ்சை குந்தவை நாச்சியார் கல்லூரி 1966இல். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பணியில் சேர்ந்தவர்களிடம் படித்த மாணவிகளே இன்று ஓய்வூதியர்கள். நேரில் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே நிலைப்பாட்டில் நிற்கிறது: ஆவணம் முதலில், கல் பிறகு. ஸ்தபதியிடமிருந்து தொடங்கிய திட்டங்கள் பெரும்பாலும் பிழையான ஆண்டோடும் வெறும் புகழ்ச்சியோடும் முடிகின்றன.

குழுவும் விதியும்

ஏழு பேர் போதும். ஓய்வுபெற்ற பேராசிரியைகள் இருவர், நூலகர், வரலாறு அல்லது தமிழ்த் துறையிலிருந்து ஒருவர், அலுவலகக் கண்காணிப்பாளர், முன்னாள் மாணவர் சங்கத்திலிருந்து ஒருவர், இப்போது படிக்கும் மாணவி ஒருவர். அலுவலகக் கண்காணிப்பாளரைச் சேர்க்கப் பலர் மறந்துவிடுவார்கள். பழைய பதிவேடு எந்த அறையில், எந்த பீரோவில், யார் சாவியில் இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

யாரைச் சேர்ப்பது என்ற விதியை, எந்தப் பெயரும் மேசைக்கு வருவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டு விடுங்கள். பெயர்கள் வந்த பிறகு விதி எழுதினால், அந்தந்தப் பெயருக்கு ஏற்பவே விதி வளையும். குறைந்தபட்சம் நான்கு முடிவுகள் வேண்டும். பணியில் இருப்பவர் பெயர் கூடாது. ஓய்வுபெற்று ஐந்து ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். நன்கொடை தருவதால் மட்டும் ஒருவர் பெயர் பட்டியலில் சேராது. 'பேராசிரியர்' என்ற பதவி இல்லாதவர்களுக்கும் இடம் உண்டு.

இந்தக் கடைசி முடிவை விட்டுக்கொடுக்க வேண்டாம். பெண்களுக்குப் பதவி உயர்வு தாமதமான காலத்தில் செய்முறை விளக்குநர், உடற்கல்வி ஆசிரியை, நூலகர், விடுதிக் காப்பாளர் என்ற பெயர்களில்தான் பலர் கல்விப் பணியைச் செய்தார்கள். கல்லூரிக்கு வெளியே இருந்தவர்களும் விடுபடக் கூடாது. தஞ்சைக் கரந்தட்டாங்குடியில் பிறந்த மருத்துவர் தருமாம்பாள் பல்கலைக்கழக ஆசிரியர் அல்லர். ஆனால் தமிழாசிரியர்களுக்கும் மற்ற பாட ஆசிரியர்களுக்கு இணையான ஊதியம் வேண்டும் என்று போராடியவர். தமிழ்த் துறை வைத்திருக்கும் எந்தக் கல்லூரியும் அவரைத் தன்னவர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பல்கலைக்கழகம் என்றால் ஆட்சிக்குழுத் தீர்மானம், உதவிபெறும் கல்லூரி என்றால் நிர்வாகக் குழுத் தீர்மானம். அரசுக் கல்லூரியில் கல்லூரிக் கல்வி இயக்ககத்தின் ஒப்புதலோடு, கட்டடத்தைத் தொடுவதாக இருந்தால் பொதுப்பணித் துறையிடமும் போக வேண்டும். முதல்வரின் வாய்மொழி அனுமதியை நம்பிச் சுவரில் ஆணி அடித்தால், அவர் மாறுதலாகிப் போனதும் அடுத்த வெள்ளையடிப்பில் பலகை கழன்றுவிடும்.

பெயர்களைத் தேடுதல்

முதல் ஆதாரம் ஆண்டு மலர். அதில் துறை அறிக்கைகளும், 'அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்' என்று பெயர் போட்ட குழுப் படங்களும் இருக்கும். அடுத்தது சம்பளப் பட்டுவாடாப் பதிவேடு. யார் எந்த மாதம் சேர்ந்தார், எந்தப் பதவியில், எப்போது நீண்ட விடுப்பு என்பதை அதைவிடத் துல்லியமாகச் சொல்லும் ஆவணம் கல்லூரியில் வேறில்லை. பிறகு வருகைப் பதிவேடு, துறைக் கூட்டக் குறிப்பேடு, நூலகச் சேர்க்கைப் பதிவேடு. ஒரு துறையின் முதல் நூறு புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்பதை அந்தக் கடைசிப் பதிவேட்டிலிருந்து பிடித்துவிடலாம். பணிப்பதிவேட்டில் மருத்துவ விவரம், குடும்ப விவரம் எல்லாம் கலந்திருக்கும். அதிலிருந்து தேதியும் பதவியும் மட்டும் குறித்துக்கொண்டு மூடிவிடுங்கள்.

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982இல்தான் வந்தது. அதற்கு முன் இப்பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. ஆகவே பழைய பட்டச் சான்றும் ஆய்வேடும் வேண்டுமென்றால் கேட்க வேண்டிய இடம் சேப்பாக்கம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்றால் 1929 முதலே அதற்குத் தனிப் பதிவு உண்டு. இந்த வேறுபாடு தெரியாமல் திருச்சிக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்து மாதங்களை வீணாக்க வேண்டாம்.

பெண்களின் பெயரைத் தொடர்வதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. முதல் சில ஆண்டு மலர்களில் 'செல்வி' என்றும் அப்பா பெயரின் தலைப்பெழுத்தோடும் இருப்பவர், திடீரென்று காணாமல் போவார். அவர் வேலையை விட்டுவிட்டதாக நினைத்துக் கோடு போட்டுவிடுவார்கள். உண்மையில் அடுத்த ஆண்டே 'திருமதி' என்றும் கணவர் பெயரின் தலைப்பெழுத்தோடும் அதே ஊதிய விகிதத்தில் தொடர்ந்திருப்பார். சில ஆங்கிலப் பதிவேடுகளில் மிஸ்ஸஸ் போட்டுக் கணவர் பெயர் மட்டுமே இருக்கும். இதைத் தவிர்க்க வழி: பெயரை வைத்துத் தேடாமல், சேர்ந்த தேதியையும் பதவியையும் வைத்துத் தேடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அதில் கிடைத்த எல்லாப் பெயர் வடிவங்களும், எந்த ஆவணத்தில், எந்தப் பக்கத்தில், எந்த ஆண்டில் என்பதும் வேண்டும். கல்லில் எந்த வடிவம் வர வேண்டும் என்பதற்கு அவர் தம் கட்டுரைகளிலும் நூல்களிலும் எப்படிக் கையெழுத்திட்டார் என்பதே அளவுகோல்.

'முதல் பெண்' என்ற சொல்

அதிகத் தவறு நடப்பது இங்கேதான். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை 'இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்' என்று மேடைதோறும் சொல்கிறார்கள். அவர் பிறந்தது 1886. ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்குலியும் மருத்துவப் படிப்பை முடித்ததே அந்த ஆண்டில்தான். முத்துலட்சுமியின் உண்மையான சாதனைகளுக்கு இந்தப் பொய்யான கிரீடம் தேவையே இல்லை. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்கள் மட்டுமே படித்த வகுப்பில் சேர்ந்தது, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றது, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியது என்று சொல்ல அவ்வளவு இருக்கிறது.

'முதல்' என்று எழுதினால் எங்கே, எதில், எந்த ஆண்டு என்ற மூன்றும் அதே வாக்கியத்தில் இருக்க வேண்டும். தஞ்சை மாவட்டம் ரிஷியூரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் வந்த சகோதரி சுப்புலட்சுமியைப் பற்றி, 'சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை, 1911' என்று எழுதினால் அது நிற்கும். 'முதல் பட்டதாரிப் பெண்' என்று சுருக்கினால் விழுந்துவிடும். மூன்றில் ஒன்று உறுதிப்படவில்லையா, 'முன்னோடிகளுள் ஒருவர்' என்று எழுதுங்கள், குறைவாகிவிடாது.

குரல் பதிவும் படங்களும்

மூத்தவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்யும் வேலையைக் கல் வேலைக்கு ஆறு மாதம் முன்பே முடிக்க வேண்டும். ஓர் அமர்வு 60 முதல் 75 நிமிடம். அதற்கு மேல் போனால் களைத்துவிடுவார்கள். காலை எட்டு மணிக்கு முன் உட்காருங்கள். பத்து மணிக்கு மேல் மின்விசிறி இல்லாமல் தஞ்சாவூரில் உட்கார முடியாது, விசிறி சுற்றினால் அதன் இரைச்சல் குரலை மூடிவிடும். பதிவு வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பேசத் தொடங்கும் முன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து. எதை வெளியிடலாம், எதைக் கூடாது என்பது அதில் தெளிவாக இருக்கட்டும்.

'உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் அம்மா' என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, எந்தப் பேருந்தில் வந்தீர்கள், ஆசிரியைகளுக்குத் தனிக் கழிப்பறை எப்போது வந்தது, சோதனைக்கூடத்துக்கு முதல் நுண்ணோக்கி எப்படி வாங்கினீர்கள், பிள்ளைப்பேற்று விடுப்பில் வகுப்பை யார் பார்த்துக்கொண்டார் என்று கேளுங்கள். வரலாறு அந்தப் பதில்களில் இருக்கிறது.

படங்களை 600 டிபிஐ அளவில், டிஃப் கோப்பாக வருடுங்கள்; பாஸ்போர்ட் அளவுப் படம் என்றால் 1200. வாங்கிய படத்தை ஒரு வாரத்துக்குள் குடும்பத்தாரிடம் திருப்பிக் கொடுத்து ரசீது பெறுங்கள். மூலப் படத்தை ஒருபோதும் லேமினேஷன் செய்யக் கூடாது. உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றிப் படம் பழுத்துவிடும். சட்டம் போடும்போது படம் கண்ணாடியைத் தொடாதபடி அட்டை விளிம்பு வையுங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் ஐப்பசி ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். எப்படியும் சுவரில் தொங்க வேண்டியது நகல்தான். மூலமும் பதிவேடுகளும் தரைத்தளத்தில் இருக்கக் கூடாது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை, கற்பூரம் பொடித்துத் துணியில் முடிந்து வைக்கும் பழக்கம் உண்டு. அலமாரிப் பூச்சிக்கு அதே முடிச்சு இங்கும் உதவும். கரையானுக்கு அது போதாது. அலமாரியைச் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி, இரும்புக் கால்களில் நிறுத்துங்கள்.

எந்த வடிவம்?

*அறக்கட்டளைச் சொற்பொழிவு.* கையில் பணம் குறைவு என்றால் சிலையை விட இதுவே மேல். 5 லட்சம் ரூபாயை 6.5 விழுக்காட்டு வைப்பில் போட்டால் ஆண்டுக்கு 32,500 வரும். அதில் 20,000ஐ மட்டும் செலவழித்து, 12,500ஐ அசல் தொகையோடு சேர்த்துவிடுங்கள். முழு வட்டியையும் செலவழிக்கும் அறக்கட்டளை பத்துப் பதினைந்து ஆண்டில் சால்வைக்கும் காப்பிக்கும்தான் கட்டும். பேசுபவர் அந்த அம்மையாரின் துறையில் புதிய ஆய்வு செய்பவராக இருக்க வேண்டும் என்பதை அறக்கட்டளை ஆவணத்திலேயே எழுதிவிடுங்கள்.

*மரம்.* தாவரவியலாளர் ஜானகி அம்மாள் மக்னோலியாக்களில் ஆய்வு செய்த இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் அவர் பெயரிலேயே ஒரு மக்னோலியா வகை இருக்கிறது. பெயரும் வேலையும் ஒன்றாக நிற்பது அழகு. கோவையில் அவர் கரும்பு இனங்களை ஆராய்ந்தவர் என்பதால், தாவரவியல் துறை முன்னே கரும்பு வகைகளுக்கு ஒரு பாத்தி கட்டினாலும் பொருத்தமே. நிழல் மரம் வைப்பதானால் 2018 நவம்பர் 16இல் கஜா புயல் என்ன செய்தது என்பதை மறக்க வேண்டாம். மகிழம், புங்கம், இலுப்பை, கடலோரம் என்றால் புன்னை. குல்மொகர், தூங்குமூஞ்சி வேண்டாம், காற்றுக்குத் தாங்காது. மூன்றடிக்கு மூன்றடி குழி, நீர் தேங்கும் இடமானால் ஓரடி மேடு, கட்டடத்திலிருந்து ஆறு மீட்டர் தள்ளி. பெயர்ப்பலகையை மரத்தில் அறையாமல் தனிக் கம்பத்தில் வையுங்கள்.

*வெண்கல மார்பளவுச் சிலை.* சுவாமிமலை பக்கத்திலேயே இருப்பதால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். அங்கே சாமி விக்கிரகங்கள் பெரும்பாலும் கன வார்ப்பு. மார்பளவுச் சிலைக்கு உள்ளீடற்ற வார்ப்பு வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். மெழுகு உருவின் எடையைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு உலோகம் பிடிக்கும். 60 செ.மீ. உயரச் சிலைக்கு மேற்பரப்பு சுமார் 0.6 சதுர மீட்டர், கனம் 5 மி.மீ. என்றால் உலோகம் 26 கிலோ அளவில் வரும். உள்ளீடு நிறைந்த கன வார்ப்பாகச் செய்தால் இதைப் போலப் பல மடங்கு ஆகும்.

சிலையில் தோற்றுப்போவது பெரும்பாலும் முகம். விக்கிரக மரபில் பழகிய கைக்கு முகம் தானாகவே அம்மன் முகமாகிவிடும்: வில் புருவம், நீள் கண், வயதற்ற கன்னம். நேர்முகம், இரு பக்கவாட்டு, முக்கால் பக்கம் என்று நான்கு கோணப் படமாவது கொடுங்கள். மெழுகு நிலையிலேயே அவரிடம் படித்த மூவரை அழைத்துப் போய்க் காட்டுங்கள். மூக்குக் கண்ணாடி, கொண்டை, தோளில் பின் குத்திய புடவை மடிப்பு எல்லாம் அப்போது திருத்தலாம். மேலே வண்டல் மண் பூசி மூடிய பிறகு ஒன்றும் செய்ய இயலாது. நான்கு கோணப் படம் கிடைக்கவில்லை என்றால் சிலை வேண்டாம்; கல் போதும்.

கல்லும் எழுத்தும்

கல்லின் அளவைச் சொற்கள் தீர்மானிக்க வேண்டும், சொற்களைக் கல் தீர்மானிக்கக் கூடாது. இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து படிக்க அச்செழுத்துக்கு 10 மி.மீ. உயரம் போதும். கல்லில் செதுக்கும் தமிழுக்கு 18 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ண, ழு, ணை போன்றவற்றின் சுழிகள் அதற்குக் கீழே போனால் பெயர்ந்து குழியாகிவிடும். 18 மி.மீ. எழுத்து, சுற்றிலும் 5 செ.மீ. ஓரம் என்று கணக்கிட்டால் 60க்கு 45 செ.மீ. கல்லில் 30 முதல் 35 சொற்கள் அடங்கும். 90க்கு 60 கல்லில் 65 சொற்கள் வரை. 4 செ.மீ. கனத்தில் அந்தப் பெரிய கல் 58 கிலோ எடை. தூக்க நான்கு பேர் வேண்டும்.

வாசகத்தில் 'அயராது உழைத்த', 'கல்விப் பணியே வாழ்வெனக் கொண்ட' போன்ற தொடர்களைத் தள்ளுங்கள். யாருக்கும் பொருந்துவது யாரையும் குறிக்காது. பெயர், ஆண்டுகள், துறை, செய்த வேலை, சரிபார்த்த ஒரு சிறப்பு, இவ்வளவே. மாதிரிக்கு:

'சி. மீனாட்சி (1905–1940). வரலாற்று அறிஞர். பல்லவர் கால ஆட்சியையும் சமூக வாழ்வையும் கல்வெட்டுகளின் துணையோடு ஆராய்ந்தவர். 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்.'

சுமார் இருபது சொற்களில் அவர் என்ன செய்தார் என்பது வந்துவிட்டது. திறந்து வைத்தவர் பெயர் இந்தக் கல்லில் வரக் கூடாது. வற்புறுத்தினால் பீடத்தின் பக்கவாட்டில் தனியாக, பாதி அளவு எழுத்தில் போடலாம்.

எழுத்துப் பிழை பெரும்பாலும் உளிக்கு முன்பே, கணினித் தட்டச்சில் நுழைகிறது. நீங்கள் யூனிகோடில் கொடுத்ததைக் கடைக்காரர் தம்மிடமுள்ள பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார். ஒற்றுப் புள்ளி விழும், துணைக்காலும் ரகரமும் இடம் மாறும், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். முழு அளவில் தாளில் அச்சிட்டு வாங்கி, வைக்கப்போகும் இடத்திலேயே ஒரு வாரம் ஒட்டி வையுங்கள். போகிற வருகிறவர்கள் பிழை கண்டுபிடிப்பார்கள். பிறகு மூன்று பேர் தனித்தனியாக, ஒருவர் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் பின்னோக்கி, படித்துக் கையெழுத்திட வேண்டும். செதுக்கும் நாளில் ஒருவர் பட்டறையில் இருந்து புள்ளிகளைப் பாருங்கள். ஆழமில்லாத புள்ளி முதல் வண்ணப்பூச்சிலேயே மறைந்து 'கல்வி' 'கலவி' ஆகிவிடும்.

பித்தளைத் தகடு அழகுதான். ஆனால் திருட்டுப் போகும், நாகை, காரைக்கால் பக்கம் உப்புக் காற்றில் பச்சை பிடிக்கும், பளபளப்பாக்கத் தேய்த்துத் தேய்த்தே எழுத்து மழுங்கும். கட்டடத்துக்குள் மட்டும் பயன்படுத்துங்கள். க்யூஆர் குறியீட்டைக் கல்லில் செதுக்க வேண்டாம். இணைய முகவரி மாறினால் கல் பாழ். கழற்றி மாட்டக்கூடிய எஃகுத் தகட்டில், கல்லூரியின் சொந்த இணையதள முகவரிக்கே போகும்படி வையுங்கள்.

நிறுவுதல்

நம் களிமண் கோடையில் பிளந்து, மழையில் உப்பும். அந்த மண்ணின் மேல் நேரடியாகப் பீடம் கட்டினால் இரண்டு ஆண்டில் சாயும். 75 செ.மீ. தோண்டி, 20 செ.மீ. ஆற்று மணல் போட்டுத் தண்ணீர் விட்டு இறுக்கி, 10 செ.மீ. 1:4:8 கான்கிரீட் (சிமெண்ட், மணல், ஜல்லி), அதன் மேல் 1:6 சிமெண்ட், மணல் கலவையில் செங்கல். தரை மட்டத்துக்கு மேலே ஈரத்தடுப்பு அடுக்கு கட்டாயம். இல்லாவிட்டால் உப்பு ஏறிக் கல்லின் ஓரம் வெளுக்கும். கல்லின் கீழ் விளிம்பு தரையிலிருந்து குறைந்தது 60 செ.மீ. உயரத்தில். பொருத்த 304 தரத் துருப்பிடிக்காத எஃகு ஊசிகள், கடலோரம் என்றால் 316. சாதாரண இரும்பு வைத்தால் துரு வழிந்து எழுத்தின் மேல் பழுப்புக் கோடு இறங்கும்.

பிறந்தநாளில் மாலை போடுவார்கள், குங்குமம் வைப்பார்கள், விளக்கும் ஏற்றுவார்கள். தடுக்க வேண்டியதில்லை, முன்கூட்டியே இடம் கொடுங்கள். மாலைக்கு மேல் விளிம்பில் இரண்டு எஃகுக் கொக்கி, விளக்குக்குக் கல்லிலிருந்து ஒன்றரை அடி முன்னால் ஒரு சிறு மேடை. எண்ணெய் ஊறிய கிரானைட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எளிதல்ல.

திறப்பு விழாவை மகளிர் நாளோடு கட்டாயம் சேர்க்க வேண்டுமென்பதில்லை. அன்று முக்கிய விருந்தினருக்கு ஐந்து நிகழ்ச்சி இருக்கும். பிப்ரவரி 11 அறிவியலில் பெண்களுக்கான பன்னாட்டு நாள். மழைக்காலம் முடிந்து பீடமும் காய்ந்திருக்கும், மாணவிகளும் தேர்வுக்குப் போயிருக்க மாட்டார்கள். விழாவில் குரல் பதிவிலிருந்து ஐந்து நிமிடம் ஒலிக்கவிட்டால், வாழ்த்துரைகளில் மூன்றைக் குறைத்துவிடலாம்.

பிறகு

பராமரிப்பைத் துறையின் பெயரில் எழுதிவையுங்கள், தனி மனிதர் பெயரில் வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை, தை மாதமும் ஆனி மாதமும், மென்மையான தூரிகையும் வெறும் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும். எலுமிச்சை, புளி, அமிலம் எதுவும் கல்மீது படக் கூடாது. எழுத்து வண்ணத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது மூல வாசகத் தாளை வண்ணம் பூசுபவர் கையில் கொடுங்கள். புள்ளிகள் காணாமல் போவது பெரும்பாலும் இந்த இரண்டாம் பூச்சில்தான்.

திருத்தப் பதிவேடு ஒன்றும் நூலகத்தில் இருக்க வேண்டும். 'எங்கள் சித்தி 1958இல் சேரவில்லை, 1957 ஜூனிலேயே சேர்ந்தார்' என்று யாராவது ஆணை நகலோடு வருவார்கள். வந்தவரின் சான்றை நகலெடுத்து, அட்டையில் சேர்த்து, குழுவின் அடுத்த கூட்டத்தில் முடிவெடுத்து, இணையப் பக்கத்தை உடனே திருத்துங்கள். கல்லில் ஆண்டு தவறு என்று உறுதியானால் ஒட்டுப்போடாமல் அந்தக் கல்லையே மாற்றுங்கள். அதற்காகவே முதல் மதிப்பீட்டில் பத்து விழுக்காட்டைத் தொடாமல் தனியே வைத்திருக்க வேண்டும்.